துட்டின்னா ரிக்கார்டு போடாத தியேட்டர்

எங்க தியேட்டர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. பக்கத்துல எங்கயாவது துட்டி, அதாவது சாவு விழுந்துச்சுன்னா அன்னைக்கு ரிக்கார்டு போடமாட்டாவ. படம் ஓடும், டிக்கெட் கொடுப்பாவ, முறுக்கு விக்கவ உள்ள வருவா, எல்லாம் நடக்கும். கூரைக்கு மேல கட்டியிருக்க ரேடியோ கொழாய் மட்டும் வாயத் தொறக்காது. பொணத்த எடுத்துட்டுப் போயி, போனவங்க குளிச்சிட்டுத் திரும்புன பெறவுதான் அடுத்த பாட்டு.

எங்க தியேட்டர்னு சொல்லுதேன், ஆனா அதுல ஒரு செங்கல்லு கூட எங்களுக்குச் சொந்தம் கெடயாது. அப்பா அங்க சைக்கிள் ஸ்டாண்டு பாத்தாவ. அம்மா பொம்பளயாளுங்க கேட்டுல நின்னு டிக்கெட் கிழிச்சா. காம்பவுண்டுச் செவர ஒட்டி எங்க வீடு. அதனால சின்னதுலேருந்தே அப்படிச் சொல்லிப் பழகிட்டு. நான் அஞ்சாங்கிளாசுக்கு மேல போவல. பேசுத மாதிரிதான் எனக்கு எழுத வரும். அம்மா போயி இன்னும் வருசம் திரும்பல.

தென்காசியிலேருந்து குத்தாலம் போற ரோட்ல, ஊரு முடிஞ்சு வயக்காடு தொடங்குத எடத்துல இருக்கு அந்தத் தியேட்டர். மொதல்ல வெறும் டென்ட் கொட்டகதானாம். ரைஸ்மில் வச்சிருந்த ஒரு முதலாளி, நெல்லு காயப்போடுத களத்துல கூடாரம் அடிச்சு படம் ஓட்டியிருக்காவ. மழ வந்தா படத்த நிப்பாட்டிட்டு எல்லாருமா கூடாரத்துணியப் புடிச்சிக்கிட்டு நிப்பாவளாம். அந்தக் காலத்துல ஒரு நாள் சாயங்காலம், ஆட்டம் போடுத பாட்டு ஒண்ணு பாடிக்கிட்டு இருந்துச்சாம். அப்ப வயல் வரப்பு வழியா ஒரு ஆளு, செத்துப்போன கைப்பிள்ளயத் துணியில சுத்தி நெஞ்சோட சேத்து வச்சிக்கிட்டு வந்திருக்கான். பின்னால ரெண்டு பேரு மம்பட்டியோட. கொட்டக வாசலுக்கு வந்ததும் அவனால நடக்க முடியல. அப்படியே நின்னுட்டான். முதலாளி ஓடிவந்து அவிய கையாலயே ரிக்கார்டு மேல இருந்த முள்ளத் தூக்கி விட்டாவளாம். அதுலேருந்து வந்த வழக்கம்னு அம்மா சொல்லுவா.

அதனால சுத்துவட்டாரத்துல எங்க ரிக்கார்டுதான் கடிகாரம், அதேதான் சாவுச் சேதியும். சாயங்காலம் சாமி பாட்டு கேட்டா வயல்ல நிக்க பொம்பளயளுக்கு வீட்டுக்குப் போவணும்னு அர்த்தம். பாட்டு கேக்கலன்னா, "ஏட்டி, இன்னைக்கு யாருட்டி?"ன்னு கேட்டுக்கிட்டே கரையேறுவாவ. வேலய முடிச்சிட்டு துட்டி கேக்கப் போயிருவாவ.

நான் கொஞ்சம் வெவரம் தெரிஞ்ச காலத்துல தியேட்டர் நல்லா ஓடுச்சு. டென்ட் போயி செவரு வச்சு தகரக் கூர போட்டாச்சு. சாரல் சீசன்ல குத்தாலத்துக்கு வார கூட்டம் எல்லாம் எங்க வாசல்லதான் நிக்கும். அதுலயும் அருவியில தண்ணி ரொம்ப விழுந்து குளிக்க விடலன்னா போதும். மெயினருவி, ஐந்தருவி எல்லா எடத்துலேருந்தும் பஸ் பஸ்ஸா வந்து எறங்குவாவ. தோள்ல ஈரத்துண்டு, மேலெல்லாம் எண்ண, அப்படியே வந்து பெஞ்சுல உக்காந்துருவாவ. அவிய எந்திரிச்சுப் போன பெறவு பெஞ்சுல வேட்டி ஒட்டும். தியேட்டர் பூரா எண்ண வாசன. உள்ளூர்க்காரங்க, "படம் பாக்க வந்தமா, தலைக்கு எண்ண தேச்சுக்கிட வந்தமா"ன்னு சிரிப்பாவ.

அம்மா நின்ன கேட்டத் தாண்டி உள்ள போனா நடுவுல ஒரு கட்டச் செவரு. அதுக்கு இந்தாப்பக்கம் பொம்பளயாளு. கூட்டம் ஏறுச்சுன்னா அம்மா கத்துற கத்து ரோடு வரைக்கும் கேக்கும். "ஏ மதினி, கால மடக்கி உக்காரு, நீ என்ன கட்டில்லயா படுத்துருக்க?" "ஏட்டி, பிள்ளைய மடியில வையி, அவன் என்ன டிக்கெட்டா எடுத்துருக்கான்?" யாரும் கோவிக்க மாட்டாவ. உள்ள பிள்ள அழுதா வாங்கிக்கிட்டு வெளிய வந்து அம்மாவே தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு நிப்பா. தாய்க்காரி நிம்மதியா படம் பாப்பா.

அந்த நல்ல காலத்துல முதலாளிக்கு ஆச வந்து, அதே காம்பவுண்டுக்குள்ள இன்னொரு சின்னத் தியேட்டரும் கட்டுனாவ. ரெண்டுலயும் ஒரே படம். பெட்டி ஒண்ணுதான் வரும். பெரிய தியேட்டர்ல ஒரு ரீலு ஓடி முடிஞ்சதும் அதத் தூக்கிக்கிட்டு சின்னத் தியேட்டருக்கு ஓடணும். தூக்கிட்டுப் போறவன் வழியில பீடி பத்தவச்சா போச்சு, அங்கன வெள்ளத் திரயப் பாத்து, "ஏலே, என்னலே ஆச்சு"ன்னு ஒரே விசிலு. ரெண்டு தியேட்டருக்கும் நடுவுல இருந்த செவரு சத்தத்த மறைக்கப் பத்தல. சின்னத் தியேட்டர்ல கதாநாயகி புருசன நெனச்சு அழுதுக்கிட்டு இருப்பா, பெரிய தியேட்டர்லேருந்து சண்டச் சத்தம் வரும். அப்பவும் ரெண்டும் நெறயத்தான் செஞ்சுச்சு.

அப்பறம் முதலாளி தவறிட்டாவ. அன்னைக்கி ரிக்கார்டு மட்டுமில்ல, படமே ஓடல. அவிய பிள்ளைய மெட்ராசுல இருக்காவ, அவங்களுக்கு இதுல இஷ்டமில்ல. லீசுக்கு விட்டுட்டாவ. அதே நேரத்துல டிவி வந்துட்டு. குத்தாலத்துல லாட்ஜிலேயே வீடியோ டெக்கு வச்சு புதுப்படம் போட ஆரம்பிச்சுட்டான். எண்ண தேச்சுக்கிட்டு வந்த கூட்டம் எண்ணயோட அங்கனயே கட்டில்ல படுத்துக்கிட்டு படம் பாத்துச்சு. சின்னத் தியேட்டர மூடி அதுல ஒரம் மூட்ட அடுக்க வாடகைக்கு விட்டாவ. பெரிய தியேட்டர்ல தகரம் துருவேறி, மழ பேஞ்சா எந்தெந்த பெஞ்சுல ஒழுவும்னு வாடிக்கக்காரங்களுக்கே தெரியும், தள்ளி உக்காருவாவ. கட்டச் செவத்துக்கு இந்தாப்பக்கம் சில நாள் அம்மாவும் முறுக்கு விக்கவளும் மட்டும் உக்காந்து படம் பாப்பாவ.

அப்பத்தான் அம்மாவுக்கு வயித்துல நொம்பலம் வந்துச்சு. ரொம்ப நாளா வெளிய சொல்லாம கேட்டு கம்பிய புடிச்சுக்கிட்டே நின்னுருக்கா. பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயி காட்டுனப்ப, இனி வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாவ. கேட்டத ஆசயா வாங்கிக் கொடுங்கன்னும் சொன்னாவ. அம்மா எதயும் கேக்கல. ஒறக்கம் மட்டும்தான் கேட்டா.

எங்க வீட்டுக் கூரைக்கு நேரா மேல அந்தக் கொழாய். அவ்வளவு வருசமும் அது கீழதான் இருந்தோம், ஒண்ணும் தெரியல. இப்ப மருந்து குடிச்சு லேசா கண்ணு சொருகும், அந்நேரம் பாத்து பாட்டு எடுக்கும். அம்மா ஒடம்பு தூக்கிப் போடும். பாய்க் கோரயப் பிச்சுருவா. நான் போயி அவ காத ரெண்டு கையாலயும் பொத்துவேன். பொத்துனா மட்டும் நிக்கவா செய்யும்.

அப்பா போயி ஆப்பரேட்டர் சித்தப்பாட்ட சொன்னாவ. கூடப் பொறந்தவிய இல்ல, அப்பாவும் அவியளும் ஒண்ணா வேலைக்குச் சேந்தவிய. சித்தப்பா கூர மேல ஏறி கொழாய வயல் பக்கமா திருப்பி வச்சாவ. மறுநாளே லீசுக்காரர் கண்டுபுடிச்சுட்டாரு.

"அண்ணாச்சி, கொழாய யாரு திருப்புனது?"

"நான்தான் சொன்னேன் மொதலாளி. வீட்ல அவளுக்கு ரொம்ப முடியல, அதான்" அப்படின்னு அப்பா இழுத்தாவ.

"முடியலன்னா பாப்போம், நான் வேண்டாங்கல. ஆனா கொழாய வயலப் பாத்துத் திருப்பி வச்சா யாரு வருவா? கொக்கா வந்து டிக்கெட் எடுக்கும்?"

அங்கன நின்ன நாலு பேரும் சிரிச்சாவ. அப்பாவும் சேந்து சிரிச்சாவ. நான் டீ வாங்கப் போனவ, பாத்துக்கிட்டு நின்னேன். லீசுக்காரரு கெட்டவருன்னு சொல்லமாட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்து விட்டாரு. கொழாயையும் பழையபடி ரோட்டப் பாத்துத் திருப்பி வச்சுட்டாரு.

ஆப்பரேட்டர் சித்தப்பாவால அதப் பொறுக்க முடியல. லீசுக்காரரு வெளியூர் போயிருந்த ஒரு நாள் சாயங்காலம் அவிய ரிக்கார்டே போடல. யார்ட்டயும் சொல்லவும் இல்ல. பாட்டு இல்ல, மழ தூறிக்கிட்டு இருந்துச்சு, வயல்ல தவள கத்துச்சு, அவ்வளவுதான். அம்மா தூங்குனா. வாயத் தொறந்துக்கிட்டு சின்னப்பிள்ள மாதிரி தூங்குனா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இந்தத் தூக்கம் கெட்டுப் போவக்கூடாதுன்னு அடுப்புல பாத்திரத்த எறக்கக்கூட இல்ல, கஞ்சி அடிப்புடிச்சுட்டு.

பாட்டு கேக்கலன்னா என்ன அர்த்தம்னு எங்க யாருக்கும் அப்ப நெனப்பு வரல.

மறுநாள் வெள்ளன, தெருமொனயில ஒப்பாரி. யாருடான்னு எட்டிப் பாக்கேன், கடையத்துலேருந்து எங்க பெரியம்மா. தலய விரிச்சுப் போட்டுக்கிட்டு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வாரா. பின்னால ஏழெட்டுப் பொம்பளய, ஒருத்தி கையில மால. "எனக்கு எளயவ, எனக்கு முந்தி போயிட்டியேட்டி"ன்னு வாரா. சாயங்காலம் ரிக்கார்டு கேக்கலன்ன ஒடனே வயல்ல நின்னவங்க பேசி, அந்தச் சேதி பஸ்ல ஏறி கடையம் போயிட்டு. சாவக்கெடக்குத ஆளு யாருன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே.

சத்தத்துல அம்மா முழிச்சுட்டா. "யாருட்டி அது? யாரு வீட்ல?"

"எதுத்த வீட்ல"ன்னுட்டேன்.

"எதுத்த வீடு பூட்டியில்லா கெடக்கு."

அதுக்குள்ள பெரியம்மா உள்ள வந்துட்டா. அம்மா பாயில கண்ண முழிச்சுப் பாத்துக்கிட்டு கெடக்கா. பெரியம்மா நெஞ்சுல அடிக்க ஓங்குன கை அப்படியே நின்னுட்டு. அம்மாதான் பேசுனா.

"வந்ததுதான் வந்த, பாதியில ஏன் நிப்பாட்டுத? முழுசா அழு. நானும் ஒரு தடவ கேட்டுக்கிடுதேன்."

"ஏ, சவத்த மூதி"ன்னு பெரியம்மா வாயப் பொத்துனா. அழுவுதாளா சிரிக்காளான்னு தெரியல.

"அது எனக்கு வாங்குன மாலயா? இத்துனூண்டுதானா?"

"கெடச்சதத் தான வாங்கமுடியும்? மொத பஸ்ஸுக்கு ஓடிவாரோம், மால கட்டவா நேரம் இருந்துச்சு!"

அதுல வீடே சிரிச்சுட்டு. வந்த பொம்பளயளும் சிரிச்சாவ. காப்பி போட்டுக் கொடுத்தேன். மால கொண்டு வந்தவ அத எங்க வைக்கன்னு தெரியாம கடைசி வரைக்கும் மடியிலயே வச்சிக்கிட்டு இருந்தா.

எல்லாரும் போன பெறவு அம்மா கேட்டா, "ரிக்கார்டு நின்னுதுன்னா இத்தன பேரும் வந்தாவ?"

"ஆமா."

"எனக்காவ நின்னுதுன்னு?"

"ஆமாம்மா."

அம்மா பைய சொன்னா, "நான் கேட்டுல நின்ன காலத்துல எத்தன பேருக்கு நின்னுருக்கு. எனக்கும் நிக்கும் என்ன. நெசமா போவும்போதும் நிப்பாட்டுவாவல்லா?"

"நிப்பாட்டுவாவம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல.

அதுக்கப்பறம் அம்மா பாட்டச் சொல்லி ஒரு நாளும் கொறபட்டுக்கிடல. ஒடம்பு தூக்கிப் போடத்தான் செஞ்சுச்சு. நான் காதப் பொத்தப் போனா கையத் தட்டி விட்டுருவா. "பாடட்டும்ட்டி. பாடுத வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம்"பா. அவளுக்கு அதுல ஒரு நிம்மதி வந்துட்டு. தனக்குன்னு ஒரு காரியம் நடக்கப் போவுதுன்னு காத்துக்கிட்டு இருக்கவ மாதிரி இருந்தா.

ஆனா லீசுக்காரர் ஊர்லேருந்து வந்து வெசயம் தெரிஞ்சு சித்தப்பாவ கிழிச்சுட்டாரு. பாட்டு போடாத அன்னைக்கு ஆட்டத்துக்கு விரல் விட்டு எண்ணுத ஆளுதான் வந்துருக்கு. பாதி ஊரு துட்டின்னு நெனச்சு வரல. "உயிரோட இருக்க பொம்பளைக்கு துட்டி கொண்டாடுத தியேட்டர் ஒலகத்துலயே இது ஒண்ணுதான்யா"ன்னு கத்துனாரு. ரிக்கார்டு பெட்டிக்குப் பூட்டு போட்டு சாவிய இடுப்புல சொருவிக்கிட்டாரு. இனி யாரு செத்தாலும் பாட்டு நிக்காதுன்னுட்டாரு. சித்தப்பா எங்க வீட்டுக்கு வந்து வாசப்படியிலயே நின்னாவ. உள்ள வரல. "மதினிட்ட சொல்லாத தாயி"ன்னு மட்டும் சொன்னாவ.

நான் சொல்லல. தெனம் ரெண்டு வேளையும் பாட்டு எடுக்கும்போது அம்மா மொகத்தப் பாப்பேன். அவ என்னயப் பாப்பா.

ஒரு நாள் மத்தியான ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கும்போது அம்மா போயிட்டா. செவத்துக்கு அந்தாப்பக்கம் படத்துல யாரோ சிரிக்கச் சத்தம், ஜனங்களும் சிரிக்க சத்தம். நான் அம்மா வாயில பால ஊத்துனேன், அது ஓரமா வழிஞ்சுட்டு. அப்பா துண்ட எடுத்து வாய மூடிக்கிட்டு ஒரு நிமிசம் நின்னாவ. அப்பறம் துண்ட தோள்ல போட்டுக்கிட்டு, "நான் போயி சொல்லிட்டு வாரேன்"ன்னு தியேட்டருக்குப் போனாவ. சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்ப முந்தி அங்கதான் போனாவ. நானும் பின்னாலயே ஓடுனேன்.

லீசுக்காரர் டிக்கெட் ரூம்ல இருந்தாரு. அப்பா சொன்னதும் எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்புட்டாரு. நெசமாவே கண்ணு கலங்குச்சு அவருக்கு. அப்பறம் அப்பா பாட்ட பத்திக் கேட்டாவ.

"அண்ணாச்சி, நானே வாரேன், என்ன ஒதவி வேணும்னாலும் கேளுங்க. ஆனா இது மட்டும் கேக்காதிய. இன்னைக்கு புதுப்படம் மாத்தியிருக்கு."

"வழக்கந்தான மொதலாளி. இன்னைக்கு ஒரு நாளு."

"வழக்கம் சரி. அவியளுக்குத்தான் ஒரு தடவ நிப்பாட்டியாச்சுல்லா அண்ணாச்சி?"

அப்பா துண்ட தோள்லேருந்து எடுத்து கக்கத்துல வச்சாவ. சைக்கிள் ஸ்டாண்டு அவரு விட்டு வச்சது, வீட்டுக்கு கரண்டு தியேட்டர்லேருந்து இழுத்தது. சித்தப்பா மாடிப்படியில நின்னு கீழ பாத்துக்கிட்டு இருந்தாவ. அம்மாவுக்குக் கொடுத்த வாக்க நான் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பிய. என்னன்னு சொல்ல? யார்ட்ட சொல்ல? அப்பா என் கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாவ.

சாயங்காலம் அம்மாவக் குளிப்பாட்டி நாற்காலியில சாச்சு வச்சு நெத்தியில துணி கட்டுதோம், மேல சாமி பாட்டு எடுத்துட்டு. அதுக்கப்பறம் ஒரு டூயட்டு. நாங்க அழுதது எங்களுக்கே கேக்கல. வயல்லேருந்து கரையேறுன பொம்பளய பாட்டக் கேட்டுக்கிட்டு அவங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போனாவ. தெருவுல உள்ளவிய மட்டும் வந்து சுத்தி உக்காந்தாவ. கடையத்துக்கு ஆள் அனுப்புனதுக்கு, "போன தடவயும் இப்படித்தான் சொன்னாவ. அங்க ரிக்கார்டு பாடிக்கிட்டுதான இருக்குன்னு இப்ப பஸ்ல வந்தவன் சொல்லுதான்"ன்னு பெரியம்மா திருப்பி அனுப்பிட்டாளாம்.

அவ வந்தப்ப எல்லாம் முடிஞ்சு, சுடுகாட்டுல பாலூத்துத காடாத்தும் ஆயிட்டு. வாசப்படியில உக்காந்தா. தலய விரிக்கல, நெஞ்சுல அடிக்கல. நான் அவ மடியில விழுந்து அழுதேன். அவ என் முதுகத் தடவிக்கிட்டே, "எனக்கு வரமாட்டங்குதேட்டி. போன தடவயே அழுது தீத்துட்டேனே"ன்னா.

இப்ப பொம்பளயாளுங்க கேட்டுல நான்தான் நிக்கேன். காரியம் முடிஞ்ச கையோட லீசுக்காரர் அப்பாட்ட கேட்டாரு, அப்பா சரின்னுட்டாவ. எனக்கு அம்மா மாதிரி கத்த வராது. கத்தவேண்டிய அளவுக்குக் கூட்டமும் வரல. வாரவங்க எல்லாரும் பழைய ஆளுங்கதான், சுத்துவட்டாரத்துக்காரங்க. ரிக்கார்டு நின்னுருந்தா அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நிக்காததுனால ஒருத்தருக்கும் தெரியல. அதனால ஒவ்வொருத்தருக்கா நான் சொல்லவேண்டியிருக்கு. வாரத்துக்கு ஒருத்தியாவது வந்துருதா.

போன வாரம் ஒரு அக்கா, இடுப்புல பிள்ளயோட வந்தா. வடகரையில கட்டிக்கொடுத்தது, தாய் வீட்டுக்கு வந்துருக்கா. டிக்கெட்ட நீட்டிக்கிட்டே உள்ள எட்டிப் பாத்தா.

"என்ன பிள்ள, நீ நிக்க? அம்மா எங்க? இவன் உள்ள அழுவான், அம்மாட்ட கொடுத்துட்டுப் போலாம்னுல்லா வந்தேன்."

"அம்மா இல்லக்கா."

"எங்க போயிருக்காவ?"

மேல பாட்டு நின்னு பெல் அடிச்சுட்டு. பின்னால ரெண்டு பொம்பளய, "ஏ, நவுளுங்கட்டி"ன்னு நெருக்குதாவ. நான் அந்த அக்கா டிக்கெட்ட கிழிச்சு பாதியக் கையில கொடுத்தேன்.

"போங்கக்கா, படத்துல எழுத்து போட்டாச்சு. இடைவேளையில சொல்லுதேன்."